லே போகிறவர்களின் மாத்திரைச் சந்தேகங்கள்

கேள்வி: டாக்டர், டெல்லியிலிருந்து விமானத்தில் லடாக்கில் இருக்கும் லே ஊருக்குப் போகிறோம். தலைவலி வந்தால் டயமாக்ஸ் போட்டால் போதும்தானே?

பதில்: அது தலைவலி மாத்திரை இல்லைங்க, உயரமான இடத்துக்கு உடம்பு பழக உதவுகிற மாத்திரை. முந்தின நாளே தொடங்க வேண்டும், பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், காலையும் மாலையும். கடையில் 250தான் கொடுப்பார்கள், பாதியாக உடைத்துக்கொள்ளுங்கள். சல்ஃபா மருந்து எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். லே 3,500 மீட்டர், ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள், அதனால் மாத்திரை போட்டாலும் முதல் இரண்டு நாள் அறையில் ஓய்வுதான். மாத்திரைதான் போட்டாச்சே என்று மறுநாளே இன்னும் உயரத்தில் இருக்கும் கர்துங் லா கணவாய்க்குக் கிளம்பாதீர்கள்.

கேள்வி: விரல் நுனி குறுகுறுக்கிறது, சோடா சப்பென்று இருக்கிறது. நிறுத்தட்டுமா?

பதில்: வேண்டாம், அந்த மாத்திரை அப்படித்தான். அடிக்கடி சிறுநீரும் போகும்.

கேள்வி: எங்கள் டிராவல்ஸ்காரர் டெக்ஸாமெத்தசோன் கொடுத்து, தினம் ஒன்று போட்டால் எதுவும் வராது என்கிறார்.

பதில்: எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். அது ஸ்டீராய்டு, தொந்தரவை அமுக்கும், ஆனால் உடம்பை உயரத்துக்குப் பழக்காது, மேலே இருக்கும்போதே மாத்திரை தீர்ந்தால் அமுக்கி வைத்ததெல்லாம் கிளம்பி வரும், சர்க்கரை உள்ளவர்களுக்கு அதுவும் எகிறும். மூளை வீங்கி ஆள் தள்ளாடி உளறும்போது முதலில் 8 மில்லிகிராம், அப்புறம் ஆறு மணிக்கொரு தரம் 4 என்று கொடுப்போம், அதுவும் கீழே இறக்கிக்கொண்டே.

கேள்வி: கற்பூரம் மோந்தால் மூச்சு சரியாகுமாமே?

பதில்: மூக்கு குளிர்ந்த மாதிரி இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. குழந்தைகள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது விஷம்.

கேள்வி: லடாக்கில் பாங்காங் ஏரிப் பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு இருமல், தூங்கவே இல்லை. சிரப்பும் அவருடைய தூக்க மாத்திரையும் கொடுக்கலாமா?

பதில்: தூக்க மாத்திரை கூடவே கூடாது, மூச்சை இன்னும் மந்தமாக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம், சிரப் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீர் என்றதும் சிறுநீராக நீரை வெளியேற்றும் லாசிக்ஸ் மாத்திரை கொடுக்கத் தோன்றும், அதுவும் வேண்டாம். ஆக்சிஜன் கொடுத்து, நடக்க விடாமல் வண்டியில் ஏற்றுங்கள். லே திரும்ப சாங் லா கணவாயைத் தாண்ட வேண்டும், அது 5,300 மீட்டருக்கு மேல், எனவே சிலிண்டர் இல்லாமல் அந்தப் பக்கம் ஏறவே ஏறாதீர்கள். வழியில் இருக்கும் டாங்ட்சே பாங்காங்கைவிடத் தாழ்வான ஊர், முதலில் அங்கே இறக்கி டாக்டரிடம் காட்டுங்கள்.