நிக்கான் டி7200 கேமராவில் தானாக ஃபோகஸ் ஆன பழைய 80-200 லென்ஸ், நிக்கான் இசட்50 கேமராவில் ஆகவில்லையே?

பழைய லென்ஸை இசட்50-இல் பொருத்த உதவும் உங்கள் எஃப்டிஇசட் அடாப்டர் பழுதாகவில்லை. கடையில் திருப்பித் தர வேண்டாம். அந்தப் பழைய லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. டி7200-க்குள் இருந்த மோட்டார்தான் அதைத் திருகிக்கொண்டிருந்தது. அடாப்டரில் அது கிடையாது. எஃப்டிஇசட் 2 வாங்கினாலும் இதே கதைதான்.

80-200-இல் லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் வகையும் உண்டு என்பதால், ஒருமுறை லென்ஸைக் கழற்றிப் பாருங்கள். உலோக வளையத்தில் பிளவுள்ள சிறு திருகுத் தலை தெரிந்தால் மோட்டார் இல்லாத வகைதான், சந்தேகமே இல்லை.

வால்பாறைத் தேயிலைச் சரிவுகளுக்கு ஃபோகஸ் பீக்கிங்கை (ஃபோகஸ் ஆன விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் வசதி) இயக்கி, கையால் திருப்பியே அருமையாக எடுக்கலாம். இசட்50 உடலில் அதிர்வுத் தடுப்பு இல்லை, 200 மி.மீ.-இல் ஷட்டர் வேகத்தை 1/400-க்குக் கீழே இறக்காதீர்கள்.

வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் பறக்கும் பறவைகளுக்குக் கையால் ஃபோகஸ் செய்வது சரிவராது. அதற்காகவாவது டி7200-ஐ இப்போதைக்கு விற்றுவிடாதீர்கள்.