ஆக்சல் குதித்து இறங்கினால் பாப்பாவுக்கு வலது முட்டி மட்டும் ஏன் வலிக்கிறது?

குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகளுக்கு 12 வயது, 38 கிலோ. வேலூருக்கு வந்து ரோலரில், அதாவது சக்கர ஷூவில், குதித்தும் சுற்றியும் ஆடுகிற ஆர்டிஸ்டிக் ஸ்கேட்டிங் கற்கிறாள். ஆறு மாதமாக ஆக்சல் என்கிற, முன்னோக்கிக் கிளம்பி ஒன்றரைச் சுற்று சுற்றி இறங்கும் ஜம்ப் பழகுகிறாள், ஒரு வகுப்பில் 40 தடவையாவது குதிப்பாளாம், வாரம் 5 வகுப்பு. இப்போது வலது முட்டிக்குக் கீழே சின்னதாக ஒரு புடைப்பு, படி ஏறினால் வலி. ஜெல் பேட் வைக்கலாமா, இன்னும் கெட்டியான ஷூ வாங்கலாமா, இரண்டு மாதத்தில் வரும் போட்டிக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார்.

அம்மா, வலது முட்டி மட்டும் என்று எழுதினீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. இடப்பக்கமாகச் சுற்றுகிற பிள்ளை எந்தக் காலில் கிளம்பினாலும் இறங்குவது வலது காலில்தான், பின்னோக்கி, வெளி விளிம்பில். டோ லூப், சால்கோ, லூப், ஃப்ளிப், லட்ஸ், ஆக்சல் என்கிற ஆறு ஜம்புக்கும் இதுதான், பனியிலும் சரி ரோலரிலும் சரி. ஆக, வாரத்துக்கு 200 இறக்கம், அத்தனையும் ஒரே முட்டியில்.

கட்டடம் கட்டும் இடத்தில் கீழிருந்து செங்கல்லைத் தூக்கிப் போடுவார்கள், சாரத்தில் நிற்பவர் அதைப் பிடிக்கும்போது கையைப் பார்த்திருக்கிறீர்களா? கல்லோடு சேர்ந்தே கை பின்னால் போகும். கையை விறைப்பாக நீட்டிப் பிடித்தால் தோல் கிழிந்துவிடும். இறங்குகிற காலும் அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். பாப்பாவின் உடம்பு 12 அங்குலம் உயர்ந்து இறங்குகிறது என்று வையுங்கள். கால் விறைப்பாக இருந்து 2 அங்குலத்துக்குள் நின்றுவிட்டால், காலில் சராசரியாக விழுவது எடையைப் போல 7 மடங்கு, அதாவது 266 கிலோ. முட்டியும் இடுப்பும் நன்றாக மடங்கி 6 அங்குலத்தில் நின்றால் 3 மடங்கு, 114 கிலோ. அதே பிள்ளை, அதே உயரம். உச்சத்தில் தாக்குவது இந்தச் சராசரியைவிட இன்னும் கூடுதல்.

வெறுங்காலில் குதித்தால் முன்பாதம் பட்டு, கணுக்கால் மடங்கி, அங்கேயே நிறைய அதிர்ச்சி தீர்ந்துவிடும். ஸ்கேட்டிங் ஷூ கணுக்காலைக் கட்டிப் போட்டுவிடுகிறது, அதனால் அந்த வேலையில் பெரும்பகுதி முட்டிக்கும் இடுப்புக்கும் வருகிறது. அதனால்தான் 'பெரியவளானாலும் ஆகும்' என்று அவள் எடைக்கு மீறின கெட்டியான ஷூ வாங்காதீர்கள், முட்டிக்குக் கீழே உள்ள முன்கால் முன்னே சாய முடியாவிட்டால் முட்டி மடங்கவே மடங்காது. ஜெல் பேட் அமுங்குவது சில மில்லிமீட்டர், நமக்கு வேண்டியதோ அங்குலக் கணக்கு. குதிகாலுக்குக் கொஞ்சம் சுகம், அவ்வளவுதான்.

சுற்றலையும் பார்க்க வேண்டும். அந்த ஆறில் ஆக்சல் மட்டும்தான் முன்னோக்கிக் கிளம்புகிற ஜம்ப், அதனால் ஒன்றரைச் சுற்று. கையையும் மறு காலையும் சரியான நேரத்தில் விரித்தால் சுற்றல் தணியும். தாமதமானால் சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ள, உடம்பு மேலே திரும்பிக்கொண்டே இருக்கும், அந்த முறுக்கு முட்டிக்குப் போகும்.

அந்தப் புடைப்பு, நீங்கள் சொல்கிற இடத்தை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஆஸ்குட் ஷ்லாட்டர். 1903-ல் அதைத் தனித்தனியாக எழுதிய இரண்டு மருத்துவர்களின் பெயர் அது. தொடைத் தசையின் நாண் முட்டிச்சில்லைத் தாண்டி முன்கால் எலும்பில் பற்றுகிற இடம் இந்த வயதில் இன்னும் முழுசாக எலும்பாகியிருக்காது, ஒவ்வொரு இறக்கத்திலும் தசை அதைப் பிடித்து இழுக்கிறது. வளர்ச்சி முடிந்ததும் வலி பெரும்பாலும் போய்விடும், புடைப்பு மட்டும் தங்கலாம். ஆனால் ராத்திரியில் வலித்தால், முட்டி முழுக்க வீங்கினால், மடக்கும்போது பூட்டிக்கொண்டால், நொண்டினால் காத்திருக்காதீர்கள். வேலூரில் எலும்பு மருத்துவருக்கா பஞ்சம்?

சரி, இப்போது என்ன செய்வது? மூன்று வாரம் ஜம்ப் வேண்டாம். வலிக்காத மட்டும் ஸ்பின் (நின்ற இடத்தில் சுற்றுவது), எட்ஜ் (ஒரு பக்கம் சாய்ந்து வளைவாகப் போவது) பழகட்டும். வலித்தால் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம். தினமும் ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது, வலிக்காத ஆழத்துக்கு மட்டும் ஒற்றைக் காலில் மெதுவாக உட்கார்ந்து எழுவது. அப்புறம் வீட்டுப் படியில் கடைசிப் படியிலிருந்து வெறுங்காலோடு இரண்டு காலில் இறங்கச் சொல்லுங்கள், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 'டம்' என்று கேட்டால் இன்னும் விறைப்பு. சத்தமே வராமல் இறங்க வந்த பிறகு ஒற்றைக் காலில். எதிரே நின்று போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள்: முட்டி கால் கட்டைவிரலையும் தாண்டி உள்பக்கம் சாய்கிறதா, இடுப்பு ஒரு பக்கம் தொங்குகிறதா? சாய்ந்தால் இடுப்புப் பக்கத் தசைக்கு இன்னும் பலம் வேண்டும், ஆக்சலுக்கு அவசரம் கூடாது.

போட்டிக்கு அனுப்பலாம். படி ஏறும்போது வலி போயிருந்தால், சால்கோவும் டோ லூப்பும் வைத்து ஆக்சல் இல்லாமல் ப்ரோகிராம் அமைத்துத் தரச் சொல்லி கோச்சிடம் கேளுங்கள். வகுப்புக்கு 10 ஜம்ப் என்று எண்ணி ஆரம்பிக்கட்டும், மறுநாள் காலையில் வலி கூடாமல் இருந்தால் மட்டும் அடுத்த வாரம் 15.