ஃபேனக்கை கழட்டிட்டு லினக்ஸ்சிஎன்சி போடலாமா?

கேள்வி: கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில செட்டரா இருக்கேன். வீட்டுல நானே செஞ்ச சின்ன ரௌட்டர் (மரம் செதுக்குற மாதிரியான மிஷின்) லினக்ஸ்சிஎன்சில, அதான் மிஷினை ஓட்டுற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்ல, ஓடுது. கம்பெனில 2007 மாடல் விஎம்சி (கம்ப்யூட்டர் ஓட்டுற மில்லிங் மிஷின்), அதை ஓட்டுறது ஃபேனக் கம்பெனியோட 0ஐ-எம்சி கன்ட்ரோல், எல்லாமே பூட்டிக் கெடக்கு. ஓப்பன் சோர்ஸுக்கு மாத்தலாம்னா முதலாளி "விளையாட என் மிஷின்தான் கெடைச்சுதா"ங்கிறார். மாத்தலாமா?

பதில்: இந்த மிஷின்ல வேண்டாம் தம்பி. லினக்ஸ்சிஎன்சி பொம்மைங்கிறதால இல்ல, அமெரிக்காவுல நிஸ்ட்ங்கிற அரசு நிறுவனம் 1990கள்ல நிஜ மெஷினிங் சென்டர்லயே ஓட்டிப் பாத்த கன்ட்ரோல்தான் அதோட மூலம், நானும் வெச்சிருக்கேன். சிக்கல் ட்ரைவ்ல, அதாவது மோட்டாருக்குக் கரண்ட் குடுக்குற சர்வோ ஆம்ப்ளிஃபயர்ல இருக்கு. 0ஐ-எம்சிக்கும் அந்த ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல போறது எஃப்எஸ்எஸ்பிங்கிற ஃபைபர் கேபிள், அதுல என்ன பேசிக்கிதுங்கன்னு ஃபேனக்குக்குத்தான் தெரியும், அதனால கன்ட்ரோலை மட்டும் மாத்த முடியாது, ஆம்ப்ளிஃபயரும் போகும், பெரும்பாலும் மோட்டாரும் போகும். பத்து வோல்ட் அனலாக் ட்ரைவ் போட்ட பழைய மிஷினா இருந்தா நானே மாத்துங்கன்னு சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு ஓப்பன்னா ராத்திரி ஹால் ஃபைல்ல (லினக்ஸ்சிஎன்சியோட செட்டிங் ஃபைல்) ஒரு வரி மாத்தி காலைல ஓட்டிப் பாக்குறது. முதலாளிக்கு மிஷின் நின்னா நாளைக்கே யாராவது வந்து ஓட்ட வைக்கணும், நீங்க வேலைய விட்டுப் போனாலும் ஓடணும். நீங்க மட்டும் தெரிஞ்சு வெச்சிருக்குற ஓப்பன் சோர்ஸ் அவருக்கு இன்னொரு பூட்டு, சாவி உங்க பாக்கெட்டுல.

ஆனா பூட்டிக் கெடக்குன்னு நீங்க சொல்றது நெசம், பூட்டுனது பாதி ஃபேனக், பாதி மிஷின் பில்டர். ஒரு பட்டறையில பேட்டரி செத்து மெமரி அழிஞ்சுபோச்சு, பாராமீட்டர (மிஷினோட செட்டிங் நம்பருங்க) எப்படியோ பேப்பரப் பாத்து அடிச்சுட்டாங்க, டூல் மாத்தச் சொல்ற எம்06 குடுத்தா டூல் மாறல, ஏன்னா உள்ள ஓட வேண்டிய ஓ9001 மேக்ரோவே, அதாவது டூல் மாத்துற குட்டி புரோகிராமே இல்ல, அது 9000 நம்பர்ங்கிறதால பில்டர் மறைச்சு வெச்சிருந்தாரு, யாரும் பேக்கப் எடுக்கல, பில்டர் கம்பெனியோ மூடியாச்சு. டூலை கையால மாத்தி மாத்தி மூணு வாரம் ஓட்டுனாங்க.

அதனால இந்த ஞாயித்துக்கிழமை முதலாளிகிட்ட கேட்டுட்டு ஒரு மெமரி கார்டோட போங்க. சாஃப்ட் கீல வலது ஓரத்து ரெண்டையும் சேத்து அமுக்கிக்கிட்டே பவர் போட்டா பூட் ஸ்க்ரீன் வரும், அங்க எஸ்ரேம் (பேட்டரியில நிக்கிற மெமரி) பேக்கப் எடுங்க, பாராமீட்டர், பிட்ச் எரர் (ஸ்க்ரூ பிழைய சரிக்கட்டுற நம்பருங்க), மறைச்ச மேக்ரோ எல்லாம் அதுல வந்துரும். அதோட விட்டுறாதீங்க, நெறய பேர் இங்கதான் ஏமாறுறாங்க, லேடர் (டூல் சேஞ்சர், கூலன்ட் மாதிரி வேலைகள நடத்துற பில்டரோட லாஜிக்) எஸ்ரேம்ல இல்ல, ஃப்ளாஷ் மெமரில இருக்கு, அதை அதே பூட் மெனுவுல சிஸ்டம் டேட்டா சேவ்ல தனியா எடுக்கணும். ரெஸ்டோர் பக்கம் கை வெக்காதீங்க.

அடுத்த மிஷின் வாங்குறப்ப லேடர், 9000 மேக்ரோ, பாஸ்வேர்ட், எலக்ட்ரிக்கல் டிராயிங் எல்லாம் மிஷினோட வரணும்னு பர்ச்சேஸ் ஆர்டர்லயே எழுதச் சொல்லுங்க. கடைசி பேமென்ட் நம்ம கையில இருக்குற வரைக்கும்தான் ஃபோன எடுப்பாங்க.