எடை சரியாக இருந்தும் மீனில் கலோரி ஏன் குறைவு?

மீனின் ஈர எடையில் (உலர்த்தும் முன் உள்ள எடை) உலர் எடை (உலர்த்திய பின் மிஞ்சும் எடை) எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் வாழும் ஏல்வைஃப் (மத்தி போன்ற சிறு மீன்) நீளத்துக்கேற்ற எடையோடு இருந்தும் கலோரி ஏன் குறைகிறது என்று கேட்டிருந்தீர்கள். கொழுப்பு கரைந்த இடத்தில் தண்ணீர் ஏறிக்கொள்ளும். தராசுக்கு அது தெரியாது.

காரணம் பெரும்பாலும் இரைதான். 1990களில் வெளியூர்ச் சிப்பிகள் பரவியபோது, கொழுப்பு மிகுந்த டைபோரியா (ஏரியடியில் வாழும், இறால் போன்ற சிறு உயிர்) அங்கே அருகிப்போனது.

உங்கள் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் ஓவன் இருக்குமே? தேக்கா சந்தை நெத்திலியை வாங்கி, 60 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்திப் பழகுங்கள். உறைந்த மீன் என்றால் உருகி வடிந்த தண்ணீரையும் சேர்த்து நிறுக்கணும், இல்லாவிட்டால் கணக்கு கெட்டுவிடும்.

அப்புறம், மாதம் பார்க்காமல் ஒப்பிடாதீர்கள். முட்டையிட்டு ஓய்ந்த கோடை மீன் இளைத்துத்தான் இருக்கும்.