அரசியல் சொற்களின் பொருளை அரசு தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. ‘தேசத்துரோகம்’ பற்றி யாரும் சொல்வார்கள். எனக்குப் பட்டறிவாகத் தெரிந்தது ‘பொது நோக்கம்’. எங்கள் நிலம் போனது அந்தச் சொல்லால்.

1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் அதற்குக் கறாரான வரையறை கிடையாது. ‘இன்னின்னவையும் அடங்கும்’ என்று ஒரு பட்டியல், அவ்வளவுதான். 6ஆம் பிரிவைப் படித்தால் தலை சுற்றும். பொது நோக்கத்துக்கு நிலம் தேவை என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பே அதற்கு முடிவான சான்று! வெள்ளைக்காரன் எழுதியதுதான்; ஆனால் 2013 வரை நாமும் அதைக் கைவிடவில்லை. சாலைக்கும் பள்ளிக்கும் சொன்ன அதே சொல்லைத் தனியார் தொழிற்சாலைக்கும் சொன்னோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது. தொழிற்பேட்டையாம். 17ஆம் பிரிவு, அதாவது அவசரம். அதைப் போட்டுவிட்டால் நம் ஆட்சேபணையைக் கேட்கும் 5ஏ விசாரணையே வேண்டாம் என்று விட்டுவிடலாம். அப்பா விடாமல் அலுவலகத்துக்குப் போனார். “ஐயா, நீங்க ஒரு ஆளு. பொதுன்னா எல்லாரும்” என்றார் அங்கிருந்தவர். “அந்த எல்லார்ல நான் இல்லையா தம்பி?” என்று கேட்டுவிட்டு வந்தார் அப்பா. அவசரமாக எடுத்த அந்த இடத்தில் இன்றுவரை சீமைக்கருவேலம்தான் வளர்கிறது.

உடனே ‘வளர்ச்சிக்கு எதிரி’ என்று கிளம்பாதீர்கள். நானும் அரசு போட்ட சாலையில்தான் போகிறேன். கட்சி பேசவும் வரவில்லை. எந்த ஆட்சியும் இந்தச் சொல்லை வேண்டாம் என்று சொன்னதில்லை.

பழையதற்குப் பதிலாக வந்த 2013 நில எடுப்புச் சட்டம் நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. தனியார் நிறுவனத்துக்கு என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும், நிலம் எடுப்பதால் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று பார்க்கும் சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும். ஆனால் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் உட்பட 13 சட்டங்களுக்கு நான்காம் அட்டவணையில் விலக்கு. தமிழ்நாடு தன் பங்குக்கு அதே சட்டத்தில் 105ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, தன் நெடுஞ்சாலைச் சட்டத்தையும் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தையும் வெளியே எடுத்துக்கொண்டது. சம்மதம் கேட்கும் வேலை அங்கெல்லாம் இல்லை. சொல் அப்படியே இருக்கிறது, கேள்வி கேட்கும் வழிதான் குறைகிறது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். இழப்பீடு வாங்கப் போனால், அப்பாவின் முன்னெழுத்து பட்டாவில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்கி வரச் சொன்னார்கள். நிலத்தை எடுக்கும்போது மட்டும் அந்த முன்னெழுத்தை ஒருவரும் சரிபார்க்கவில்லை.