ஃபைன் கட்டிவிட்டால் கேஸ் முடிந்துவிடுமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். போன வருடம் கோயில் திருவிழாவில் அவருடைய மகனுக்கும் பக்கத்துத் தெருப் பையனுக்கும் கைகலப்பு. மகனுக்கு அப்போது 20 வயது. கேஸ் பாலக்காட்டுச் சித்தூர் கோர்ட்டில் இருக்கிறது. இப்போது கோவையில் பி.எட். சேர விண்ணப்பித்திருக்கிறார்கள். ‘குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். அடுத்த வாய்தாவில் குற்றத்தை ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டி முடித்துவிடலாமா என்று கேட்கிறார்.

ஐயா, யார் முதலில் கை ஓங்கியது, எஸ்.ஐ. யார் பக்கம் சாய்ந்தார் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அட்மிஷனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படிவத்தில் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பது மட்டும்தான் இங்கே விஷயம். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: குறிப்பாகக் கேட்டதைத்தான் சொல்லியாக வேண்டும், கேட்டும் மறைத்தால் மறைத்ததையே காரணமாக வைத்து வேலையை ரத்து செய்யலாம். அது வேலை சம்பந்தமான வழக்கு. ஆனாலும் உங்கள் மகன் நாளைக்கு அரசுப் பள்ளி வேலைக்குத்தானே போகப்போகிறான்? வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிவிட்டால் கேரளா கேஸ் தெரியாது என்று நினைக்காதீர்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைத் தட்டினாலே வழக்கு எண் வரும்.

எனக்குப் பயமெல்லாம் அந்த ஃபைன் யோசனையில்தான். என்னிடம் ஒரு பையன் வந்தான். பர்ஸிலிருந்து நாலாக மடித்த ரசீதை எடுத்து நீட்டினான். ஐந்நூறு ரூபாய். “அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது சார், அப்பாதான் ஒத்துக்கச் சொன்னார்” என்றான். முடியவில்லை. ஒத்துக்கொண்டு கட்டிய ஃபைன் என்பது தண்டனை. ‘தண்டிக்கப்பட்டதுண்டா?’ என்று கேட்கும் ஒவ்வொரு படிவத்திலும் அவன் இனி ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும். தானே ஒத்துக்கொண்டதால் அப்பீலில் ‘நான் செய்யவில்லை’ என்றும் சொல்ல முடியாது. தண்டனையைப் பற்றி மட்டும்தான் பேச முடியும். இதே போல நாலைந்து பேரைப் பார்த்துவிட்டேன். கோர்ட் வராந்தாவில் யாராவது ‘பெட்டி கேஸ்தானே, ஒத்துக்கோ’ என்று சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

சமரசம் பேசுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எஃப்.ஐ.ஆரில் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தின் 115(2), அதாவது சாதாரணக் காயம், மட்டும் இருந்தால் அடிபட்ட பையன் கோர்ட்டில் ராஜியாகலாம். அது விடுதலைக்குச் சமம். ஆனால் கேரளா போலீஸ் இந்த மாதிரிச் சண்டையில் கெட்ட வார்த்தைக்கான 296(b)-யையும் சேர்ப்பது வழக்கம். அது ராஜியாகக்கூடிய பிரிவு இல்லை. அப்படி இருந்தால் அந்தப் பையனின் பிரமாணப் பத்திரத்தோடு எர்ணாகுளம் உயர் நீதிமன்றத்தில் கேஸை ரத்து செய்யக் கேட்க வேண்டும். செலவு கொஞ்சம் கூடும். அவர்கள் மருத்துவச் செலவு கேட்டால் பேரம் பேசி இழுக்காமல் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் ராஜியானாலும் நீங்கள் எழுதிய அந்த ‘இல்லை’ மாறாது. அதனால் கல்லூரி விசாரிக்கும் முன்பே, வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, தவறாக எழுதிவிட்டோம், திருத்திக்கொள்ளுங்கள் என்று முதல்வருக்கு மகன் கையெழுத்திலேயே கடிதம் கொடுங்கள். நகலில் ஆபீஸ் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சீட் போய்விடுமோ என்று பயம் வரும், போகவும் கூடும். இரண்டு வருடம் படித்து முடித்த பிறகு போவதைவிட இப்போது போவது மேல். வாய்தாவுக்கு வக்கீலோடு போகச் சொல்லுங்கள். நீதிபதி கேட்டால் குற்றத்தை மறுத்து, சமரசம் பேசுகிறோம் என்று அவகாசம் கேட்கட்டும்.