கழற்றிவைத்த மோதிரமும் முகத்தில் பூசிய கிரீமும்

கேள்வி: எனக்கு 34 வயது. பூம்பாறையில் பூண்டு விவசாயம். மூட்டு வலிக்கு நல்லது என்று செம்பு மோதிரம் போட்டேன், விரலைச் சுற்றிப் பச்சையாகிவிட்டது. கவரிங் செயின் பட்ட இடத்தில் அரிப்பு. உலோகம் தோல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும், கையுறையில் சொட்டிய பாதரசத்தால் ஒரு விஞ்ஞானி இறந்தே போனார் என்று செல்போனில் வீடியோ வந்தது. என் அப்பா கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்தப் பாதரசம் எனக்குள்ளும் இருக்குமா? கொஞ்ச நாளாகக் காலையில் கண் இமை வீங்குகிறது. மெடிக்கலில் நீர் மாத்திரை வாங்கிப் போட்டால் வடிகிறது. வெயிலில் முகம் கறுத்ததால், உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கிரீமை நாலு மாதமாகப் போடுகிறேன். நகை படக் கூடாது என்றதால் மோதிரத்தைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் பூசுவேன். நவபாஷாண மணி ஊறிய தண்ணீர் குடித்தால் உலோக விஷம் முறியும் என்கிறார்களே, குடிக்கலாமா? நாலு வயதில் மகள் இருக்கிறாள். அவளுக்கும் வந்துவிடுமோ என்று தூக்கமே இல்லை.

பதில்: முதலில் அப்பா விஷயத்தை முடித்துவிடுவோம். கடிதம் முழுக்க அந்தப் பயம்தான் ஓடுகிறது.

தெர்மாமீட்டரில் இருப்பது உருண்டோடும் உலோகப் பாதரசம். அது கையில் பட்டால் தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. விழுங்கினால்கூடப் பெரும்பாலும் மலத்தோடு வெளியே வந்துவிடும். அதன் ஆவிதான் ஆபத்து. மூச்சில் இழுத்தால் ஏறக்குறைய 80 சதவீதத்தை நுரையீரல் ரத்தத்துக்குள் விட்டுவிடும். அப்பா அதைச் சுவாசித்திருக்கலாம். வேலைக்குப் போட்ட உடுப்போடு வீட்டுக்கும் கொஞ்சம் வந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டுவிட்டது. ரத்தத்திலும் சிறுநீரகத்திலும் சேரும் பாதரசம் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டே வருடத்தில் நாலாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அன்று வீட்டுக்கு வந்தது இன்று உங்கள் இமையை வீங்க வைக்க முடியாது. அப்பாவிடமிருந்து உங்களுக்கும் உங்களிடமிருந்து மகளுக்கும் வழிவழியாக வருவதும் கிடையாது. அப்பாவுக்குக் கை நடுக்கமோ மறதியோ இருந்தால் அவரைத் தனியாகக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். மூளைக்குள் போனது அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது, அது வேறு கதை.

அந்த வீடியோ சொல்வதும் நடந்ததுதான். கேரன் வெட்டர்ஹான் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியர் 1996இல் சோதனைச்சாலையில் வேலை செய்யும்போது கையுறைமீது சில சொட்டுகள் விழுந்தன, அடுத்த வருடம் இறந்துபோனார். வீடியோ போட்டவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தப் பேராசிரியர் கையில் விழுந்தது டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மம். கொழுப்பில் கரையும் திரவம், ரப்பரையும் தோலையும் ஒன்றுபோல ஊடுருவும். பூம்பாறையில் அதை நீங்கள் பார்க்கவே போவதில்லை.

தோலின் மேலடுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு கனம்தான் இருக்கும். செத்த செல்களை அடுக்கி இடையில் கொழுப்பைப் பூசி வைத்தது போன்ற சுவர். திட உலோகம் அதைத் தாண்டாது. வியர்வையில் கரைந்த உலோகம் கொஞ்சம் நுழையும். கொழுப்போடு சேர்த்துக் குழைத்துத் தினமும் தேய்த்தால் நன்றாகவே நுழையும், மயிர்க்கால் வழியாகவும் போகும். அதனால் எந்த உலோகம் என்பதோடு எந்த வடிவத்தில் என்றும் கேட்க வேண்டும்.

செம்பு மோதிரத்துக்கு இந்தக் கவலை வேண்டாம். செம்பும் வியர்வை உப்பும் சேர்ந்தால் பச்சைக் கறை வரும், சோப்புப் போட்டால் போய்விடும். நீங்கள் பூண்டு உரிப்பவர், பூண்டிலுள்ள கந்தகம் பட்டு மோதிரம் கறுத்திருக்கவும் வேண்டும், கவனித்திருப்பீர்கள். துளி உள்ளே போனாலும் கல்லீரல் பார்த்துக்கொள்ளும். மூட்டு வலிக்கு அதனால் பயன் கிடையாது, அழகுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கவரிங் செயின் அரிப்பு நிக்கல் ஒவ்வாமை. கழற்றுங்கள், சரியாகிவிடும்.

இனி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் கிரீமுக்கு வருகிறேன்.

நகை படக் கூடாது என்று ஒரு கிரீமுக்கு ஏன் சொல்ல வேண்டும்? நகை ஆசாரியைக் கேளுங்கள், தங்கத்தில் பாதரசம் பட்டால் வெளுத்துவிடும் என்பார். முகம் வெளுக்கப் பாதரச உப்புக் கலந்த கிரீம்கள் உலகம் முழுக்கத் திருட்டுத்தனமாக விற்கின்றன. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உருவாவதை அது தடுக்கும், நாலே வாரத்தில் பளிச்சென்று தெரியும், அதனால் ஜனங்கள் விடமாட்டார்கள். முகக் கிரீமில் தவறுதலாகக்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். பிடிபடும் டப்பாக்களில் அதைப்போல ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்குகூட இருந்திருக்கிறது. உங்கள் டப்பாவில் இருப்பதாக நான் இங்கிருந்தபடி சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நகை எச்சரிக்கை, நாலு மாதம், வீங்கிய இமை, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகு எனக்குப் பொறுமை இல்லை. செம்பு உள்ளே போய்விடுமோ என்று பயந்துகொண்டே, அந்த மோதிரத்தைப் பத்திரமாகக் கழற்றிவைத்துவிட்டு இதை முகத்தில் தேய்த்திருக்கிறீர்கள்!

பாதரச உப்பு போய்ச் சேரும் இடம் சிறுநீரகம். அங்கே ரத்தத்தை வடிகட்டும் சல்லடையைச் சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கத் தொடங்கும். சல்லடை ஓட்டையாகி, ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் புரதம் சிறுநீரில் ஒழுகும். புரதம் குறைந்தால் நீர் திசுக்களில் தேங்கும். இரவெல்லாம் படுத்திருப்பதால் காலையில் இமை வீங்குகிறது, மாலைக்குள் அந்த நீர் காலுக்கு இறங்கிவிடும். பக்கத்து மாநிலமான கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்திலேயே 2023இல் வெள்ளையாக்கும் கிரீம் போட்டவர்களுக்கு இந்தச் சிறுநீரகக் கோளாறு வந்து மருத்துவர்கள் எச்சரித்தார்கள்.

இன்றைக்கே மூன்று விஷயம் பாருங்கள். சிறுநீரில் நுரை வருகிறதா? கொஞ்சம் நுரை எல்லோருக்கும் வரும், உடைந்துவிடும். சோப்பு நுரை மாதிரி ஐந்து நிமிடம் நின்று, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியும் போகாவிட்டால் அதுதான் கெட்ட சேதி. அடுத்து, கால். மலையில் குளிருக்கு எல்லோரும் சாக்ஸ் போடுகிறோம், சாக்ஸ் தடத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கணுக்காலுக்கு மேலே முன் எலும்பின்மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள், குழி அப்படியே நின்றால் நீர் தேங்கியிருக்கிறது. மூன்றாவது, எடை. சாப்பாடு கூடாமல் இரண்டு வாரத்தில் மூன்று கிலோ ஏறியிருந்தால் அது சதை இல்லை.

எதுவும் தெரியாவிட்டாலும் காலையில் முதல் சிறுநீரைக் கொடுத்து ஆல்புமின் பரிசோதனை செய்யுங்கள். கொடைக்கானல் அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம். சிறுநீரகத்துக்காக ரத்தத்தில் பார்க்கும் 'கிரியாட்டினின் நார்மல்' என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். இந்த நோயில் ஆரம்பத்தில் அது நார்மலாகத்தான் இருக்கும், ஆல்புமின்தான் காட்டிக்கொடுக்கும். ஆல்புமின் இருந்தால் மதுரையில் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள், சிறுநீரில் பாதரச அளவையும் அவர் பார்க்கச் சொல்வார். கிரீமை நிறுத்தினாலே பலருக்கு மெல்ல மெல்லச் சரியாகிவிடுகிறது, ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அதற்கிடையில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ இரவானாலும் காத்திருக்க வேண்டாம். புரதம் ஒழுகும்போது ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து கூடும்.

அப்புறம் அந்த நீர் மாத்திரை. யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள்? வீக்கம் வடிந்ததும் நோய் போனதாக நினைத்துவிட்டீர்கள். கூரை ஒழுகும்போது பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்த கதைதான். மருத்துவரைப் பார்க்கும்வரை நிறுத்துங்கள். மூட்டு வலிக்கு வலி மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் அதையும்.

நவபாஷாண மணித் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பழனி மலைமேல் இருப்பது பக்தி. கடையில் அந்தப் பெயரில் கிடைக்கும் மணிக்குள் என்ன இருக்கிறதென்று விற்றவருக்கே தெரியாது. கழுத்தில் தொங்கினால் தடுக்கத் தோல் இருக்கிறது. ஊற வைத்துக் குடித்தால் குடலுக்கு அந்தச் சுவர் இல்லை. பாதத்தில் ஒட்டி இரவில் 'விஷம் உறிஞ்சும்' பட்டைகளும் அப்படித்தான், தண்ணீர் தெளித்தாலே கறுத்துவிடும். பாதரசத்தை வெளியேற்ற மருந்துகள் உண்டு, ஆனால் அளவு பார்த்த பிறகு மருத்துவமனையில்தான்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மோதிரத்தாலோ தாத்தாவாலோ அவளுக்கு ஒன்றும் வராது. ஆனால் கிரீம் பூசிய கன்னத்தோடு கன்னம் வைத்துப் படுத்திருப்பாள். துண்டு, தலையணை உறை, போர்வை எல்லாவற்றிலும் அது ஒட்டும், வீட்டில் பூசாதவர்களின் உடம்பிலும் பாதரசம் கண்டுபிடித்திருக்கிறார்கள். உறைகளைத் தனியாகத் துவையுங்கள், உங்களுக்கு ஆல்புமின் இருந்தால் அவளுக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். அவள் சரியாகத் தூங்காமல் எரிச்சலோடு இருந்தாலோ, உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தாலோ காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் கிரீமைப் பற்றிச் சொல்லுங்கள்.

டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூடியை இறுக்கி, இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கோபத்தில் அடுப்பில் மட்டும் எறிய வேண்டாம். குளிருக்கு எல்லோரும் அந்த அடுப்பைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பீர்கள், சூடேறினால் வருவது அதே பாதரச ஆவி.